ஏழாவது பின்

“பிரேமலா! ஏய், சேலை! சேலை சேறாயிரும்டி!”

மேக்கப் விமலா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். பிரேமலா நிற்கவில்லை. முகூர்த்தச் சேலையை முழங்கால்வரை அள்ளிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஆற்றங்கரை மேட்டில் ஓடினாள். தலையில் பாதி மல்லிகைதான் ஏறியிருந்தது. மீதி விமலாவின் கையில் தொங்கியபடி கூடவே ஓடி வந்தது.

காலை மணி ஏழு பத்து.

வலப்பக்கம் செலாங்கூர் ஆறு, தாழம்புதர்களின் இடுப்பளவுக்கு ஏறி நின்றது. இடப்பக்கம், கரைக்கு ஓர் ஆள் உயரம் கீழே, கோயில் திடல். அங்கே வெள்ளைக் கெமாக் கூடாரத்தின் கீழ் அறுபது மேசை, மணவறை, ஒலிபெருக்கி, தரையெல்லாம் மின்கம்பி. இரண்டுக்கும் நடுவே தோட்டத்து வாய்க்கால். எப்போதும் ஆற்றைப் பார்த்து ஓடுகிற வாய்க்கால் இப்போது திடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

அதைத்தான் பிரேமலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் எழுந்து ஓடி வந்துவிட்டாள்.

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டியிருக்கும் இந்தப் பதினோராம் கட்டைச் செம்பனைத் தோட்டம் ஆற்று மட்டத்துக்குக் கீழே கிடக்கிற பூமி. கரையை ஓரிடத்தில் அறுத்து மதகு ஒன்று வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்காரர்கள் வாயில் அது தண்ணிக் கேட்டு. கடல் வற்றும்போது திறந்தால் தோட்டத்துத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். கடல் ஏறும்போது மூட மறந்தால் ஆறு தோட்டத்துக்கு வரும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் பெரிய தண்ணி. இன்று அதன் உச்சம் எட்டு இருபதுக்கு. முகூர்த்தம் எட்டரைக்கு.

நேற்று மாலை பெய்த மழை வடியட்டும் என்று ராத்திரி மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். விடிந்ததும் மூடியிருக்க வேண்டும்.

மதகின் இரும்புச் சட்டத்தருகே நாலைந்து பேர் கூடி நின்றார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீளமான சுழற்று கைப்பிடியைப் பிடித்திருந்தவன் புவனேசன். இன்றைய மாப்பிள்ளை.

“எல்லாரும் ஒன்னா… ஏலே… இழு!”

டக்!

கைப்பிடி பிடிப்பில்லாமல் சுழன்றது. புவனேசன் சட்டத்தில் மோதி நின்றான்.

“அஞ்சாவது,” என்றார் சுகுமாறன். புவனேசனின் தாய்மாமன். தோட்டத்துப் பட்டறை ஃபிட்டர். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய கையில் ஸ்பானர் பிடித்திருந்தார்.

“நீ ஏன் இங்க வந்த?” என்று திடுக்கிட்டான் புவனேசன். “தாலி கட்டுறதுக்கு முன்னால பொண்ண மாப்பிள்ள பாக்கக்கூடாதாம்.”

“மூனு வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்க. இன்னும் எவ்ளோ மூடணும்?”

“ரெண்டு அடி.”

ஆற்றுத் தண்ணீர் அந்த இரண்டு அடி இடைவெளியில் உறுமிக்கொண்டு உள்ளே புகுந்தது. திடலின் தாழ்ந்த மூலையில், சமையல்காரர்கள் காய்கறிக் கூடைகளை மேசைமேல் தூக்கி வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பிரேமலா திடலைத் திரும்பிப் பார்த்தாள். புக்கிட் பெருந்துங்கில் குளிர்சாதன மண்டபம் பார்த்து வைத்திருந்தார் அவள் அப்பா. தோட்டத்துக் கோயில் வாசலிலேயே நடக்கட்டும் என்று வருங்கால மாமியார் ஆசைப்பட்டபோது, அவருக்காக அப்பாவிடம் வாதாடி ஜெயித்தவள் பிரேமலாதான். இன்று திடலில் தண்ணீர் ஏறினால் ஹோமகுண்டமே மிதக்கும். இருவர் நட்சத்திரத்துக்கும் அடுத்த முகூர்த்தம் தை மாதம்தான் என்று ஐயர் கையை விரித்திருக்கிறார். அதைவிட மோசம், அவள் பெரியப்பாக்கள் நாலு பேர் ஆயுள் முழுக்க இதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.

“எதுக்கு மாமா உடையுது?”

“கைப்பிடிக்கும் உள்ள இருக்குற பல்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு வெங்கலப் பின்னும்மா. எங்கயாச்சும் சிக்குனா பின் போயிரும், பல்லு தப்பிச்சுக்கும். அதுக்குத்தான் வெங்கலத்துல வச்சிருக்கான் வெள்ளக்காரன்.” சுகுமாறன் கீழே கிடந்த பிஸ்கட் டின்னைக் காலால் தட்டிக் காட்டினார். “மெஷின்ல ஒன்னு, டின்னுல ஆறு. மொத்தம் ஏழு. நாலு வருஷத்துல ஒன்னு கூடப் போனதில்ல. இன்னைக்குப் பாரு, அஞ்சு போச்சு. பேசாம டிராக்டர் போல்ட்டு ஒன்ன மாட்டிறேன்.”

“போட்டா பின் உடையாது. பல்லு உடையும்,” என்றாள் பிரேமலா.

“உடையட்டும்! மூடுனாப் போதும்.”

“மூடுறதுக்கு முன்னாடி உடைஞ்சா? ரெண்டு அடியோட அப்படியே நிக்கும். அப்பறம் கிரேன்தான் வரணும்.”

சுகுமாறன் ஸ்பானரைக் கீழே வைத்தார். கையில் எடுத்த போல்ட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

பிரேமலா குனிந்து ஓர் உடைந்த துண்டை எடுத்தாள். சுண்டுவிரல் கனம். புக்கிட் பெருந்துங்கில் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், சோதனை அறையில் வேலை பார்க்கிறாள். அவள் உத்தியோகமே உலோகத்தை உடைப்பதுதான். நாளைக்கு நாற்பது துண்டை இழுத்து, வளைத்து, நசுக்கி உடைத்து, எப்படி உடைந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஆகவே கல்யாண மருதாணி போட்ட விரல்கள் தாமாகவே உடைந்த வாயைத் தடவின.

வளைவே இல்லை. பிஸ்கட்டை ஒடித்ததுபோல மொரமொரவென்று ஒடிந்திருந்தது. வெண்கலம் இப்படி ஒடியக்கூடாது. முதலில் வளைந்து, நெளிந்து, அப்புறம்தான் போக வேண்டும்.

துண்டை வெயிலில் திருப்பினாள். உடம்பு முழுக்கத் தட்டையான சின்னச் சின்னத் தழும்புகள்.

“மாமா, இதை யார் தட்டுனா?”

“தட்டுறதா?”

“வளைஞ்ச பின்ன யாரோ தட்டி நிமித்தியிருக்காங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ.”

“எம்மேல சந்தேகமாம்மா? ஒரு பின் கூடப் போனதில்லன்னு இப்பத்தான சொன்னேன்! இந்த டின்ன நாலு வருஷமா நான் தொட்டதே இல்ல!”

“தொடாம எப்படி மாமா கேட்ட மூடுவ?” என்றான் புவனேசன்.

“பின்னத்தான்டா தொடல! கேட்ட நான் மூடுவேன், நான் பட்டறையில மாட்டிக்கிட்டா காவல் பாக்குற ஜாகா மூடுவான். ஓடுற மெஷினுக்கு எதுக்குடா பின்னு?”

“ஃபிட்டர் பின்னத் தொடலியாம், பின்னு தானா போய் சுத்தியலுக்குக் கீழ படுத்துக்கிச்சாம்,” என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. தாய்மாமனின் மீசை துடித்தது.

மூச்சு வாங்க மேடேறி வந்த புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. புவனேசனின் அம்மா. உடைந்த துண்டுகளையும் பிரேமலாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், “யார் தட்டுனா என்ன, மொதல்ல மூடுற வழியப் பாருங்கடா,” என்று அதட்டினார். “ஐயர் மணி பாத்துக்கிட்டே இருக்காரு.”

“வழி இருக்கு அத்தை,” என்றாள் பிரேமலா. “வெங்கலம் அடிபட அடிபட இறுகும். பலம் கூடும்.”

“பலம் கூடுனா நல்லதுதான?” என்றார் சுகுமாறன்.

“பலம் கூடும், பொறுமை போயிரும். மெதுவா அமுக்குனா தாங்கிக்கும். நீங்க எல்லாரும் ஏலேன்னு வெடுக்குன்னு இழுக்குறீங்க பாருங்க, அதுக்கு வளைஞ்சு குடுக்கத் தெரியாது. ஒரேயடியா ஒடிஞ்சிரும். மிச்சம் ரெண்டும் குடுங்க. விமலா, தலைக்கு வைக்கிற எண்ணெயும் பவுடரும்!”

“இப்பவா? இங்கயா?”

“எனக்கில்ல, பின்னுக்கு.”

விமலா புரியாமல் பெட்டியைத் திறந்தாள். பிரேமலா இரண்டு பின்களையும் தேங்காயெண்ணெயில் முக்கி எடுத்தாள். நூறுவரை எண்ணினாள். பிறகு விமலாவின் துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தட்டிவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்குப் போட வேண்டிய விலையுயர்ந்த பவுடர் இரண்டு வெண்கலத் துண்டுகளின் மேல் வெள்ளையாகப் படிந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு பின் வெள்ளையாகவே இருந்தது. மற்றதன் இடுப்பில், மெல்ல மெல்ல, தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு ஊறி வெளிவந்தது.

“விரிசல். உள்ள புகுந்த எண்ணெய் இப்ப வெளிய வருது. இது ஆகாது.”

“இத்தினூண்டு கோட்டுக்கா?” சுகுமாறன் அந்தப் பின்னைப் பிடுங்கினார். “முப்பது வருஷம் ஃபிட்டர் வேல பாத்தவன் நானு. குடும்மா, மாட்டிக் காட்டுறேன்.”

யாரும் தடுப்பதற்குள் மாட்டினார். தாமே கைப்பிடியைப் பிடித்தார். ஒரே இழுப்பு.

டக்!

“ஆறாவது,” என்றான் புவனேசன் அடங்கிய குரலில்.

மணி ஏழு முப்பத்தைந்து. இருப்பது ஒரே ஒரு பின்.

“இதை நெருப்புல காட்டணும்,” என்றாள் பிரேமலா. “மங்கலா செவக்குற வரைக்கும். அப்ப பழையபடி இளகிரும். யார்கிட்டயாவது கேஸ் டார்ச் இருக்கா?”

“பட்டறையில இருக்கு. போய் வர அரை மணி ஆகும்,” என்றார் சுகுமாறன். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“வேன்ல இருக்கு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மீரா சாகிபு. புக்கிட் பெலிம்பிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பட்டுச் சட்டையும் சொங்கோக் தொப்பியும் அத்தர் மணமுமாக, கையில் மொய்க் கவரோடு நின்றார்.

“கல்யாணத்துக்கு டார்ச்சோடயா வந்தீங்க பாய்?” என்றான் புவனேசன்.

“ஆட்டுக்கால் பொசுக்குறது மச்சான். இங்க சைவச் சாப்பாடுன்னு சொன்னாங்க. சாப்பிட்டுட்டு நேரா கடைக்குப் போய் நம்ம சூப்பு வேலையப் பாக்கணும்ல.” சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினார். அந்த உடம்பு அவ்வளவு வேகம் ஓடும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

டார்ச் வந்தது. பின்னை இடுக்கியில் பிடித்துப் பிரேமலா நீலத் தழலில் காட்டினாள். அப்போதுதான் அடுத்த தலைவலி. கிழக்கே எழுந்த வெயில் நேராக முகத்தில் அடித்தது. வெயிலில் மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. குறைந்தால் இளகாது. கூடினால் உருகி வழியும். இருப்பதோ ஒன்று.

“நிழல் வேணும்! இருட்டா!”

“குடை!” என்று கத்தினாள் விமலா. “மாப்பிள்ளைக் குடை!”

கீழிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. ஜரிகைக் குஞ்சம் தொங்கும் சிவப்புப் பட்டுக்குடை. அதன் மேல் இரண்டு பேர் மேல்துண்டைப் போர்த்தினார்கள். உள்ளே பிரேமலாவும் புவனேசனும் பின்னும் தழலும்.

“நம்ம போட்டோக்காரன் கேட்டானே, குடைக்குக் கீழ ஒரு படம் வேணும்னு,” என்றான் புவனேசன்.

“பேசாத. செவப்பு தெரியுதா சொல்லு.”

“தெரியல… தெரியல… இரு, லேசா… ஆமா! மண்வெட்டிச் செவப்பு!”

“அது என்ன செவப்பு?”

“துருப்பிடிச்ச மண்வெட்டி.”

“அதான் வேணும்!” பின்னை ஆற்றுத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். புஸ்ஸென்றது.

சுகுமாறன் தலையில் கைவைத்தார். “கெடுத்தியேம்மா! காய்ச்சித் தண்ணியில முக்குனா இறுகத்தான செய்யும்? நான் பழம் வெட்டுற அரிவாளுக்கெல்லாம் அப்படித்தான பதம் குடுக்குறேன்!”

“அது உருக்கு மாமா. சூடாக்கித் தண்ணியில போட்டா மொறச்சுக்கும். இது வெங்கலம். சூடு பட்டா மனசு மாறிரும். தண்ணியில போட்டது, கை சுடாம எடுக்கத்தான்.”

நம்பாத முகத்தோடு நின்றவரிடம், டார்ச்சில் கூடவே காட்டி வாளியில் போட்டிருந்த உடைந்த துண்டொன்றை நீட்டினாள். சுகுமாறன் அதை ஸ்பானர் இரண்டுக்கும் நடுவே பிடித்து வளைத்தார். சற்றுமுன் பிஸ்கட்டாக ஒடிந்த அதே வெண்கலம், வெல்லப்பாகு மாதிரி வளைந்து கொக்கியானது.

“அட!” என்றார் சுகுமாறன். போல்ட்டைத் தூக்கிப் புல்லில் எறிந்தார்.

மணி ஏழு ஐம்பது. தண்ணீர் கெமாவின் கடைசி வரிசை நாற்காலிக் கால்களை நனைத்துவிட்டது.

ஏழாவது பின்னை மாட்டினார்கள். “ஒரு நிமிஷம்,” என்றாள் பிரேமலா. “விமலா, லிப்ஸ்டிக்.”

“ஐயோ, அதுவுமா! அது பன்னெண்டு மணி நேரம் அழியாதது!”

“ரொம்ப நல்லது.” கைப்பிடித் தண்டிலிருந்து பல்சக்கரத்தின் வளையம்வரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். “பின் நேரா இருக்கிற வரைக்கும் கோடு சேர்ந்திருக்கும். பின் வளைஞ்சா கோடு ரெண்டாப் பிரியும். பிரிஞ்சா உடனே நிறுத்தணும். இனிமே ஏலே கீலே கிடையாது. மெதுவா, வெட்டு விழாம.”

“தே தாரேக் டீய ஆத்தி இழுக்குற மாதிரி,” என்று விளக்கினார் மீரா சாகிபு, காற்றில் கையை நீட்டிக் காட்டி. “ஒரே இழுப்பு. நடுவுல நின்னா நுரை வராது.”

புவனேசனும் சுகுமாறனும் சுற்றினார்கள். சீராக. கிர்… கிர்… கிர்… கதவு விரல் விரலாக இறங்கியது. பிரேமலா சேற்றில் மண்டியிட்டு, சிவப்புக் கோட்டைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. இரண்டு விரல்தான் இறங்கியிருக்கும்.

கோடு பிரிந்தது. ஒரு நெல் அகலம்.

“நிறுத்து!”

கைகள் உறைந்தன.

“உடைஞ்சிருச்சா?” என்றார் புஷ்பவள்ளி நெஞ்சில் கைவைத்து.

“இல்ல அத்தை. வளைஞ்சிருக்கு. ஏதோ இடிக்குதுன்னு சொல்லுது. கதவுக்குக் கீழ என்னமோ கிடக்கு.”

ஆறு பின்கள் ஒடிந்த காரணம் அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. கதவு துருவில் சிக்கவில்லை. தண்ணீருக்குள் எதன்மீதோ உட்கார்ந்திருக்கிறது. இறுகிப்போன பின்கள் அதைச் சொல்வதற்குள் ஒடிந்துபோயின.

“மேல ரெண்டு சுத்து ஏத்துங்க. மெதுவா!” என்றாள் பிரேமலா.

லயத்து வீடுகள் பக்கமிருந்து, செம்பனைப் பழம் வெட்டும் நீளக் கம்பு அரிவாளைத் தூக்கிக்கொண்டு யாரோ ஓடி வந்தார்கள். புவனேசன் வாங்கினான். லோரி ஓட்டப் போகுமுன் மூன்று வருஷம் முப்பதடி உயரத்துப் பழத்தை வெட்டி இறக்கியவன். வேட்டியை இன்னும் ஒரு சாண் தூக்கிக் கட்டி, கம்பைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினான். மாட்டியது. இழுத்தான். வரவில்லை. கம்பைத் திருப்பி இன்னொரு பக்கமாக இழுத்தான்.

குபுக்கென்று மேலே வந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

கம்பால் அதைக் கரையில் இழுத்துப் போட்டான்.

“கெமாக்காரனுதுலா!” என்றான் புவனேசன். “முந்நூறு நாற்காலி இறக்குனேன், ஒன்னு குறையுதுன்னு நேத்துலேர்ந்து என்னைத்தான் திருடன் மாதிரி பாத்துக்கிட்டு இருக்கான்!”

“அது முன்னாலயே வந்து எடம் புடிச்சிருக்கு,” என்றார் மீரா சாகிபு.

சிரிக்க நேரமில்லை. மணி எட்டு ஐந்து. ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி இருபது சுற்றுக்கு மேல் சுற்றினார்கள். கதவு இறங்க இறங்க, ஆற்றின் முழு எடையும் அதைச் சட்டத்தோடு அழுத்தியது. கைப்பிடி கனத்தது. சிவப்புக் கோட்டின் இடைவெளி இரண்டு நெல்லானது. மூன்று நெல்லானது.

“வளைஞ்சிருச்சும்மா!” சுகுமாறனின் நெற்றி வேர்த்தது. “இன்னும் ஒம்பது சுத்தாவது வேணும். ஒரு சுத்து தாங்காது!”

“தாங்கும். வளைஞ்சதாலதான் தாங்கும். இளகுன வெங்கலம் வளையும்போதே இறுக ஆரம்பிச்சிரும். இப்ப அது கொஞ்சம் முன்ன இருந்ததைவிட பலம். தண்ணி அழுத்த அழுத்த, அதுவும் கூடக்கூட இறுகிக்கிட்டே வரும். ஒடியற அளவுக்கு இன்னும் போகல.”

“நிச்சயமா தெரியுமா?”

“எங்க சோதனை அறையில நிச்சயம்.” பிரேமலா கோட்டின் அருகே குனிந்தாள். “இங்க… சுத்துங்க மாமா!”

ஒன்று. இரண்டு. மூன்று. கோடு இன்னும் கொஞ்சம் விலகியது. நாலு. ஐந்து. விலகல் நின்றது. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். ஆமாம், நின்றுவிட்டது. பின் தன் பிடியைக் கண்டுகொண்டது. ஆறு. ஏழு. கூடியிருந்தவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். எட்டு.

“ஒம்பது!”

கதவு அடிக்கல்லில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. உறுமல் அடங்கியது. வாய்க்காலில் சுழித்துக்கொண்டிருந்த நுரை மெல்ல நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் வட்டமிட்டது.

மணி எட்டு பதினான்கு.

சுகுமாறன் கைப்பிடியை விட்டுவிட்டுப் பிரேமலாவைக் கும்பிட்டார். “ஏம்மா, பட்டறைக்கு வேலைக்கு வந்துர்றியா?”

“முதல்ல கல்யாணத்துக்கு வரட்டும்!” என்று அதட்டிக்கொண்டு புஷ்பவள்ளி மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

எட்டரைக்கெல்லாம் பெண் மணவறையில் இருந்தாள். முழங்காலில் சேறு, மூக்கு நுனியில் கரி. விமலா எவ்வளவோ மறைத்தும் கரி போகவில்லை. கடைசி வரிசைக்காரர்கள் மட்டும் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அட்சதையைக் குறி பார்த்து எறிந்தார்கள். பெரியப்பாக்கள் நாலு பேரும் அந்த வரிசையில்தான். மேளம் கொட்டியது. தாலி ஏறியது.

தாய்மாமன் சடங்குகளுக்கு நின்ற சுகுமாறனைத்தான் கூட்டம் விடவில்லை. “ஃபிட்டரே, பின்னத் தட்டுன கையால மாலைய எடுத்துக் குடுக்காதீங்க, ஒடிஞ்சிரும்!” என்றார்கள். “தோட்டத்துலயே சுத்தியல் புடிக்கத் தெரிஞ்சவரு இவரு ஒருத்தர்தான்!” என்றார்கள்.

“சத்தியமா நான் இல்ல!” மனிதர் அழாத குறை. “பெரிய தண்ணி நாள்லகூட நான் வர்றதுக்குள்ள ஜாகா மூடியிருப்பான். நான் ஏன்யா தட்டப் போறேன்?”

“ஜாகாவையே கேட்டுட்டோம். அந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் சுத்தும்னு கூட அவனுக்குத் தெரியாதாம்!”

சுகுமாறன் எட்டிக் கூட்டத்தில் ஜாகாவைத் தேடினார்.

“அம்மி மிதிக்க வாங்கோ,” என்றார் ஐயர்.

மணவறையின் வலப்பக்கம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மி காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மி. புவனேசன் குனிந்து, பிரேமலாவின் வலது பாதத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

உள்ளங்காலில் என்னவோ உறுத்தியது.

பிரேமலா பார்வையைத் தாழ்த்தினாள். கல்லின் நடுவே, சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு பள்ளம். மஞ்சளுக்கு அடியில், மசாலா அரைத்தால் ஒட்டாத வெண்கலப் பொடி மினுமினுத்தது. நீளமாய், கோடு கோடாய்.

மெதுவாக நிமிர்ந்தாள். எதிரே புஷ்பவள்ளி. எல்லாரும் மெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் மருமகளின் பார்வை விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையைச் சரிசெய்கிற சாக்கில் மாமியார் குனிந்தார். காதோரம் கிசுகிசுத்தார்.

“ஒங்க மாமன் பட்டறையில மாட்டிக்குவான். தண்ணி லயத்துக்குள்ள வந்துரும். ஆபீசுல புதுப் பின் கேட்டா, பொம்பளைக்கு எதுக்கு கேட்டுன்னு கேப்பாங்க. அதான் வளைஞ்சதையெல்லாம் இந்தக் கல்லுல வச்சு, குழவியால தட்டித் தட்டி நிமித்தி, டின்னுல போட்டு வச்சேன். நாலு வருஷமா அந்தக் கேட்ட மூடுறது ஜாகா இல்லம்மா. நாந்தான்.”